பிலோமினாவுக்குக் கிடைக்காத செவ்வாய்க்கிழமைகள்

பாண்டி பஜாரில் மகளுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தபோது மருத்துவமனை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. டாக்டர் பிலோமினா மாரடைப்பில் காலமானார். அதன் அடுத்த வரியே, நாளை செவ்வாய்க்கிழமை ஓ.பி.யை யார் பார்ப்பது என்ற கேள்வி. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இன்னும் தணியவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் முதியோர் பிரிவில் சேர்ந்தவர்கள். வயதானவர்கள் ஏன் கீழே விழுகிறார்கள் என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஒருமுறை அவளுடன் பட்டினப்பாக்கம் போனேன். மீன் விற்கும் காசியம்மா, "இன்னாம்மா, கெயவிங்கோ வியறதுக்கெல்லாமா படிப்பு கீது?" என்று சிரித்தார். பிலோமினா கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மீன் விலை, மருமகள், முழங்கால் என்று பேச்சு எங்கெங்கோ போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கிளம்பும் நேரத்தில் காசியம்மா குரலைத் தாழ்த்தி, "ரெண்டு தபா வியுந்துட்டேன். புள்ளைக்குத் தெரிஞ்சா யாவாரத்துக்கு வுட மாட்டான். சொல்லிடாதம்மா" என்றார். திரும்பும் வழியில் பிலோமினா சொன்னாள்: "ஓ.பி.யில அஞ்சு நிமிஷத்துல கேட்டா, யாருமே விழுந்ததில்ல."

இளம் மருத்துவ ஆராய்ச்சியாளர்களுக்கான நிதி கிடைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நிதி வாங்கித் தந்தது அவளுடைய நேரத்தை. செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு ஓ.பி. கிடையாது, அந்த நாட்களின் சம்பளத்தை நிதியே மருத்துவமனைக்குக் கொடுத்துவிடும். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். முதல் செவ்வாயே, "ஆள் இல்ல மேடம், இன்னிக்கு மட்டும் பார்த்துடுங்க" என்று கூப்பிட்டார்கள். அந்த 'இன்னிக்கு மட்டும்' கடைசிவரை முடியவில்லை. அவள் போடாத சண்டையில்லை. "மொய்ய வாங்கிட்டு, பந்தியில இடமில்லங்கறாங்க" என்பாள். ஆராய்ச்சி பாதியில் நின்றது.

இரங்கல் கூட்டத்தில் நிர்வாகி, "ஒரு ஓ.பி.யைக்கூட அவர் விட்டதில்லை" என்று நெகிழ்ந்தார். "நீங்க விடல சார்" என்று எழுந்து சொன்னேன். மைக்கை அடுத்தவரிடம் கொடுத்தார்கள். இதைப் படிக்கும் சக மருத்துவர்களே, உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

அவளுடைய செவ்வாய் ஓ.பி. இப்போது என்னுடையது. போன வாரம் வந்த ஒரு அம்மாவின் முழங்கையில் புதுச் சிராய்ப்பு.

"விழுந்தீங்களாம்மா?"

"இல்லம்மா, கதவுல இடிச்சிக்கினேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. பிலோமினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொய்யைக் கண்டுகொள்வது ஒன்றுதான். நாற்காலியை அவர் பக்கம் இழுத்தேன். அதற்குள் வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.