ரேடியோ வாயை மூடிய நாள்

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். அரசாங்கம் ஏன் செலவை ஏற்கவில்லை என்று ஊர் கேட்கத் திட்டுகிறீர்கள். அதே ஆளுக்கு மூளை பழுதானால் மட்டும் ஏன் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்பவர்களிடம் "நல்லா இருக்காங்க" என்கிறீர்கள்?

"வயசாயிடுச்சு" என்பீர்கள். "செஞ்ச பாவம்" என்று சொல்பவர்களும் உங்களில் இருக்கிறார்கள். சிறுநீரகத்துக்குப் பாவ புண்ணியம் தெரியாது. மூளைக்கும் தெரியாது. அது ஓர் உறுப்பு, நோய் வந்தால் சுருங்கும். டிமென்ஷியா என்ற மறதி நோயைப் பற்றி இதற்கு மேல் தத்துவம் தேவையில்லை. ஒரு சலூன்காரரின் கதை போதும்.

ரயில் நிலையச் சாலையில் அவர் கடை. இரண்டு சுழல் நாற்காலி, எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்ச். அவருக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ. ஒரு தலையை முடிப்பதற்குள் உள்ளூர்ச் செய்தி, வெளியூர்ச் செய்தி, வானிலை எல்லாம் வந்துவிடும். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்?

அவர் மனைவி ரயில் நிலையத்தில் விசாரணை கவுண்டரில் வேலை பார்த்தவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் ஒரே குரலில் சமாளித்தவர். "பலகையில போட்டிருக்கு பாருங்க." "வரிசையில வாங்க." "அடுத்தவங்க." இளவயதில் ரேடியோ தினமும் அந்தக் கவுண்டருக்குப் போய், ஏறவே போகாத ரயில்களைப் பற்றி விசாரித்திருக்கிறார். கடைசியில் அந்த அம்மாவே, "எந்த வண்டியில போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்களேன்" என்று கேட்க, "நீங்க எதுல வர்றீங்களோ அதுல" என்றாராம். இந்தக் கதையை அவர் கடையில் தலை கொடுத்த எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், சிலர் பலமுறை.

ஓய்வு பெற்ற பிறகு அந்த அம்மாவின் நினைவு நழுவ ஆரம்பித்தது. முதலில் அடுப்பை மறந்தார். பிறகு மகளின் பெயர் போயிற்று. பிறகு, குளியலறை எந்தப் பக்கம் என்பது. மகள் வேறு ஊரில் துணிக்கடையில் வேலை, வாரக் கடைசியில் வந்து போவாள். மற்ற நாட்களில் ரேடியோ மனைவியைக் கடைக்கே அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். ஒருநாள் நாற்காலியில் ஒருவருக்குப் பாதிக் கன்னம் சவரம் ஆகியிருந்தது, பெஞ்ச் காலியாக இருந்தது. ரேடியோ கத்தியோடு ஓடினார், பாதிக் கன்னக்காரர் சோப்பு நுரையோடு பின்னால் ஓடினார். அந்த அம்மா பழைய கவுண்டருக்குள் நின்று, அங்கிருந்த புதிய ஊழியரை "என் நாற்காலியில உக்கார உனக்கு யார் அனுமதி குடுத்தா?" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ரேடியோ ஒரு பூட்டு வாங்கினார்.

பூட்டிவிட்டுக் கடைக்கு வருவார். ஒரு தலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடுவார். கதவின் உட்பக்கத்தில் கை தட்டும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். "கடைக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதுலயே இருக்குது" என்று அவர் சொன்னபோதுதான் மகள் பிடிவாதமாகச் சொன்னாள்: "அப்பா, பராமரிப்பு உதவித் திட்டத்துக்கு எழுதிப் போடுங்க. பகல்ல பாத்துக்க நகர மன்றமே ஆள் அனுப்பும். நாமளா ஆள் வெச்சா உங்க கடை வருமானம் மொத்தமும் அதுக்கே போயிடும்."

"நம்ம வீட்டு விஷயத்தை எதுக்கும்மா ஊருக்குச் சொல்லணும்?"

"ஊருக்கு எல்லாத்தையும் சொல்றது நீங்கதானேப்பா. இதை மட்டும் ஏன் ஒளிக்கிறீங்க?"

எழுதிப் போட்டார்கள். மதிப்பீடு செய்ய ஓர் அலுவலர் வருவதாகத் தகவல் வந்தது. நல்ல பெண்மணிதான், வேலைச் சுமையில் முகம் வாடியவர். அவர் வருகிற காலையில் ரேடியோ என்ன செய்தார் தெரியுமா? தன் தொழில் முழுவதையும் மனைவியின் தலையில் காட்டினார். நரைக்குச் சாயம், வகிடெடுத்துப் பின்னல், இஸ்திரி போட்ட புடவை. தன் கையிலிருந்து யாரும் அலங்கோலமாகப் போகக் கூடாது என்பது அவர் தொழில் மானம். அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார், திட்டம் கை நழுவியது.

"இன்னிக்கு என்ன தேதிம்மா?" என்று அலுவலர் கேட்டார்.

"பலகையில போட்டிருக்கு பாருங்க" என்றார் அந்த அம்மா, அதே கவுண்டர் குரலில், கையை நீட்டி. கை நீட்டிய சுவரில் நாட்காட்டி தொங்கியது. அலுவலர் சிரித்துவிட்டார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டிதான் சாப்பிட்டா. இவளுக்கு ரொட்டின்னா உசுரு. இல்லம்மா?" இது ரேடியோ.

"ஆமா" என்று தலையாட்டினார் அந்த அம்மா.

"நீங்களே குளிச்சிடுவீங்களா?"

"நான் தண்ணி எடுத்து வெச்சு, பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல ஜம்முன்னு குளிச்சிடுவா!"

சில நாட்களில் பதில் வந்தது: குடும்பத்தினர் உதவியோடு அன்றாட வேலைகளைச் செய்ய இயல்கிறது, உதவி தேவையில்லை. நியாயத்தைப் பாருங்கள். ஒரு மனிதர் விடிந்ததிலிருந்து தூங்கும்வரை கைபிடித்துச் செய்யும் வேலைக்குப் பெயர் உதவி. அந்த உதவி கிடைப்பதால் உதவி தேவையில்லை! ஒற்றைக் கால் உள்ளவனிடம், ஊன்றுகோலோடு நிற்கிறாயே, உனக்கு ஊன்றுகோல் எதற்கு என்று பிடுங்கிக்கொள்வதைப் போன்றது இது. அன்பு, கடமை, குடும்பப் பாசம் என்ற பெரிய சொற்களை இந்த உலகம் எதற்கு வைத்திருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. கூலி கொடுக்காமல் வேலை வாங்கத்தான்.

மகள் வந்ததும் ரேடியோ அலுவலரைத் திட்டித் தீர்த்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, அந்தம்மா கேட்டதுக்கெல்லாம் யார் பதில் சொன்னது?" என்றாள்.

"உங்கம்மாதான்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மாலை கடையில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். மகள் ஊரில் இருந்ததால் மனைவியும் பெஞ்சில் இருந்தார், மகள் பக்கத்தில். நாற்காலியில் இருந்தவர், "என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்டார். "அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா" என்று ரேடியோ பதில் சொன்னார். சொல்லும்போது எதிர்க் கண்ணாடியில் மனைவியின் முகம் தெரிந்தது. கேள்வி கேட்டவரை அந்த அம்மா பார்க்கவே இல்லை. கேள்வி விழுந்ததும் கணவனின் வாயைப் பார்த்துத் திரும்பினார். அந்த வாய் அசைந்த பிறகு நிம்மதியாகத் தலையாட்டினார்.

ரேடியோ கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பேசாமல் நின்றார். "என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்று வாடிக்கையாளர் கேட்டார்.

மேல்முறையீட்டுக்கு நாள் குறித்தார்கள். மகள் ஒரே நிபந்தனை போட்டாள்: உள்ளே போனால் அப்பா வாயைத் திறக்கக் கூடாது.

"வேணும்னா வாயில பஞ்சு அடைச்சுக்கிறேன். ஆனா அவளுக்குத் தலை சீவாம கூட்டிட்டுப் போக மாட்டேன். நோயைக் காட்டத்தான் போறோம், அவளைக் கேவலப்படுத்த இல்ல."

"சீவிக்கோங்க. பேசாதீங்க, அது போதும்."

நீளமான மேசை, மூன்று பேர் கொண்ட குழு, ஓரத்தில் அந்த மதிப்பீட்டு அலுவலர். குழுத் தலைவர் முழு வழுக்கை. "இவரால நம்ம தொழிலுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்ல" என்று மகளின் காதில் சொன்னதோடு ரேடியோ வாயை மூடிக்கொண்டார்.

"உங்க வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?" என்றார் தலைவர்.

அந்த அம்மா கணவரின் வாயைப் பார்த்தார். அது அசையவில்லை. மேசையைப் பார்த்தார். "வரிசையில வாங்க" என்றார். குழு சிரித்தது.

"சொல்லுங்கம்மா. வீட்டுல யார் இருக்கா?"

"பலகையில போட்டிருக்கு." நீட்டிய கைக்கு நேரே வெறும் சுவர்தான் இருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா மீண்டும் கணவரைப் பார்த்தார். ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

தலைவர் மெதுவாக, "இவர் யாரும்மா?" என்று ரேடியோவைக் காட்டினார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "இவரா? தினமும் வந்து வண்டி எப்பன்னு கேட்பாரு. ஏற மட்டும் மாட்டாரு" என்றார். பிறகு குரல் இறங்கியது. எழுந்து மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து, தலைவரிடம் குனிந்து, ரகசியம் போலக் கேட்டார்: "சார், எங்க வீட்டுக்கு எந்த வண்டி போகும்?"

ஆயுள் முழுக்க ஊருக்கு வழி சொன்னவர் கேட்ட கேள்வி அது. ரேடியோ எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "நான் கூட்டிட்டுப் போறேன் மேடம்" என்றார். பிறகு குழுவிடம் திரும்பினார்.

"போன தடவை நீங்க மார்க் போட்டது எனக்கு சார். நான் பாஸ் ஆயிட்டேன். இப்ப அவளுக்குப் போடுங்க."

மகள் பக்கத்திலிருந்து, "அந்த 'குடும்பத்தினர் உதவியோடு'ங்கிற வரியை எடுத்துட்டுப் பாருங்க சார், எங்கம்மாவால என்ன முடியும்னு தெரியும்" என்றாள். அலுவலர் தயங்காமல் எழுந்தார். "அந்த வரியால நானே எத்தனையோ வீட்டுக்கு இல்லைன்னு எழுதியிருக்கேன். எழுதுறப்பெல்லாம் தப்புன்னு தெரியும். சொல்ல இடமில்ல. இப்ப சொல்றேன்."

அன்றே உதவி அனுமதிக்கப்பட்டது. ரேடியோ அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் வாய் சும்மா இருக்குமா? அடுத்த நாளிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு தலையிடமும் கேட்டார்: "உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல யாராவது பூட்டின கதவுக்குப் பின்னால இருக்காங்களா?" கத்தி கழுத்தில் இருந்ததோ என்னவோ, உண்மை வந்தது. யாரோ ஒருவரின் தாய், யாரோ ஒருவரின் அண்ணன், சாலை முழுக்க. எழுதிப் போட்ட எல்லோருக்கும் அதே வரியில் அதே பதில்.

திரண்டு நகர மன்றக் கூட்டத்துக்குப் போனார்கள், நோயாளிகளையும் கைபிடித்து அழைத்துக்கொண்டு. நிதி உறுப்பினர் கணக்குப் பேசினார்: "கேட்கிறவங்களுக்கெல்லாம் குடுத்தா செலவு எங்க போய் நிக்கும்?"

"இப்ப இலவசமாவா நடக்குது?" என்றார் ரேடியோ. "என் கடை பாதி நாள் மூடிக் கிடந்தது. என் மக வேலையை விட இருந்தா. இதோ நிக்கிற இவரு ராத்திரி வேலையை விட்டுட்டாரு, பின்னால நிக்கிற அந்தம்மாவுக்குத் தாயைத் தூக்கித் தூக்கி முதுகே போச்சு. பில் எப்பவோ வந்தாச்சு சார். எங்க வீட்டு விலாசத்துக்கு வருது, அதனால உங்க கண்ணுல படல."

மன்றம் கைதட்டலில் அதிர்ந்தது. வாக்கெடுப்பில் விதியிலிருந்து அந்த வரி நீக்கப்பட்டது. இனி மதிப்பீட்டுக்கு வருபவர் நோயாளியையும் பராமரிப்பவரையும் தனித்தனியே கேட்க வேண்டும், உதவி இல்லாமல் என்ன நடக்கும் என்பதைத்தான் எழுத வேண்டும். ரயில் நிலையத்தின் பயன்படாத காத்திருப்பு அறை பகல்நேரப் பராமரிப்பு மையமாயிற்று. அங்கே ஒரு மூலையில் மேசை போட்டு, அந்த அம்மாவை உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களை "வரிசையில வாங்க" என்கிறார். எல்லோரும் வரிசையில் வருகிறார்கள். ரேடியோவும் மாலையில் கடையைச் சாத்திவிட்டு வந்து வரிசையில் நின்று, "அடுத்த வண்டி எப்ப மேடம்?" என்று கேட்கிறார்.

பூட்டு இப்போது சலூனில் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் செய்தித்தாள் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்திருக்கிறார்.

உங்கள் ஊரிலும் மன்றம் இருக்கிறது, கூட்டம் நடக்கிறது, உள்ளே போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், பூட்டிய கதவு உள்ள வீட்டுக்காரர்களை அழைத்துப் போங்கள். குடும்பம் செய்யும் வேலையை நம் விதிகள் எந்தக் கணக்கில் வைத்திருக்கின்றன என்று எழுந்து நின்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.