ஒரு பெட்டரியும் ஒரு ஸனதும்

கம்பி உள்ள எந்தச் சாமானுக்கும் எங்கள் குடும்பத்தில் ஆள் நான்தான். மிக்ஸி சத்தம் போட்டாலும் கூப்பிடுவார்கள், போனில் எழுத்துச் சிறுத்துப் போனாலும் கூப்பிடுவார்கள். நான் செய்வதோ கல்முனையில் ஓர் அச்சகத்தில் கலியாணக் காட் வடிவமைக்கிற வேலை. கணினிக்கு முன்னால் உட்கார்கிறவனுக்கு உலகத்தில் உள்ள மோட்டர் எல்லாம் தெரியும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. மறுத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. கோபப்பட்டும் பார்த்தேன். இவனுக்குப் பசி வந்துவிட்டது என்று சொல்லிச் சோறு போட்டார்கள்.

கலியாணம் முடித்து நான் மனைவியின் வீட்டுக்கு, மருதமுனைக்குப் போய்விட்டேன். எங்கள் பக்கத்தில் வீடு மாறுகிறவன் ஆண் பிள்ளைதான். சாய்ந்தமருதில் நாங்கள் பிறந்த வளவும் வீடும் என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு. அந்த வீட்டுக்கு நான் இப்போது விருந்தாளி. அத்தோடு அதன் மின்சாரப் பொறியியலாளனும்.

ராத்தா தன் பிள்ளைகள் படித்து வெளியேறிய பிறகுதான், நாற்பது தாண்டிய வயதில், குர்ஆனை மனனம் செய்யத் தொடங்கினார். துணி காயப்போடும்போதும் ஓதுவார், தேங்காய் துருவும்போதும் ஓதுவார். கறி கரிந்த நாளில், இது எந்த சூராவின், எந்த அத்தியாயத்தின் வேலை என்று அவர் கணவர், என் மச்சான், சிரிக்காமல் கேட்பார். ஒருவழியாக முப்பது ஜுஸ்உவும், அதாவது முப்பது பாகமும், மனதில் ஏறியது. அதோடு நிற்பார் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ தனக்கு ஸனது வேண்டும் என்றார்.

ஸனது என்பதை நான் அதுவரை சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற ஒரு தாளாகத்தான் நினைத்திருந்தேன். தொழில் புத்தி அப்படி. ராத்தாதான் விளக்கினார். முழுக் குர்ஆனையும் பார்க்காமல், ஓர் எழுத்தும் பிசகாமல், ஸனது பெற்ற ஒருவரிடம் ஓதிக் காட்டவேண்டும். அவர் தன் ஆசானாகிய உஸ்தாதிடம் அப்படி ஓதியவர். அந்த உஸ்தாத் அவருக்கு முன்னால் இருந்தவரிடம் ஓதியவர். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு என்று போய்ப் போய், அந்த வரிசை நபியாகிய றஸூலுல்லாஹ்விடம் சேரும்.  தினமும் கலியாணக் காட்டின் தலையில் பிஸ்மில்லாஹ்வை வெட்டி ஒட்டுகிறவன் நான். அந்தச் சொல் எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ராத்தாவுக்குக் கிடைத்த உஸ்தாதா மிஸ்ர் என்கிற எகிப்து நாட்டில் இருந்த ஒரு வயதான பெண்மணி. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அவருடைய முகம் வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் ராத்தாவின் உதடும் நாக்கும் எங்கே போகின்றன என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்ப்பார். பிழை விட்டால் வாய் திறக்கமாட்டார். சுட்டு விரலை மட்டும் தூக்குவார். பிழையை ஓதுகிறவரே கண்டுபிடித்துத் திருத்தி ஓதும்வரை விரல் இறங்காது. அந்தப் பக்கம் ராத்தாவின் போனில் ஒழுங்காகத் திறக்காது. ஆகவே பாடம் உள்ள நாட்களில் அச்சகத்திலிருந்து என் மடிக்கணினியோடு நேரே சாய்ந்தமருதுக்குப் போவேன். கமெராவுக்குப் படாமல் மேசைக்குப் பக்கவாட்டில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது என் மனைவிக்குத் தெரியும்.

டீசல் இல்லாமல், காஸ் இல்லாமல், கரண்டையும் பங்கு போட்டுத் தந்த காலம் அது. எந்த ஊருக்கு எப்போது வெட்டு என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். நாங்கள் அதைப் பார்த்துத்தான் பாடத்துக்கு நேரம் கேட்போம். கடைசிப் பாடத்துக்கும் அப்படித்தான் கேட்டோம். அள்ளுஹாவிலிருந்து கடைசியான அந்நாஸ் வரை, சிறிய சூராக்கள் மட்டுமே மிச்சம். மறுநாள் உஸ்தாதாவுக்குக் கண்ணில் ஒப்பரேசன். மற்றக் கண் ஏற்கெனவே போய்விட்டது. அதற்குப் பிறகு பாடம் எடுப்பாரா என்று அவருக்கே தெரியாது. அன்று ஓதி முடித்தால் ராத்தாவுக்கு ஸனது. முடியாவிட்டால் அந்த நீண்ட வரிசை ராத்தாவை எட்டாமல், உஸ்தாதாவோடு நின்றுவிடும்.

பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு ராத்தா மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நான் சார்ஜரைச் செருகினேன். மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. வெட்டு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. அறிவிப்புப் போட்டவனை நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. ராத்தாவோ முந்தானையை இழுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

என் மடிக்கணினியின் பெட்டரி வயதாளி. சார்ஜரைக் கழற்றினால் பிரசவ வலி வந்தவள் மாதிரி அவசரப்படும். பக்கத்து வீட்டு ஜெனரேற்றருக்குப் பெற்றோல் இல்லை. ராத்தாவின் போனிலிருந்து இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தேன். திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். பிரவுசரில் வேலைக்காகத் திறந்து கிடந்த பக்கங்களை, பூப்படம், பட்டுத்துணிப் படம், மாலைப் படம் என்று ஒவ்வொன்றாக மூடினேன். பிறகுதான் பிரவுசரின் அமைப்புகளுக்குள் பவர் சேவர் என்று ஒன்று கிடப்பது நினைவுக்கு வந்தது. வாங்கிய நாளிலிருந்து அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆடம்பரத்தை எல்லாம் நிறுத்திவிட்டு, பின்னால் ஓடுகிற வேலைகளைத் தூங்க வைத்துவிட்டு, படங்களை மெதுவாக ஓட்டி, முன்னால் இருக்கிற ஒரே வேலைக்கு மட்டும் மின்சாரத்தைக் கொடுக்கும் என்று எழுதியிருந்தது. அதைத் தட்டினேன். மேல் மூலையில் ஒரு சிறிய பச்சை இலை வந்து உட்கார்ந்தது.

"இதென்னடா தம்பி, வெத்திலை வந்திரிக்கி" என்றார் ராத்தா. கலியாணம் பேச வருகிறவர்கள் கொண்டுவருவதைத் தவிர வேறு இலை எங்கள் பெண்களின் கண்ணுக்குத் தெரியாது. கணினி நோன்பு பிடித்துவிட்டது, அதன் அடையாளம் இது என்றேன். ஓம் என்று தலையாட்டி, பிஸ்மி சொல்லி அந்தப் பக்கத்தைத் திறந்தார். உஸ்தாதா வந்தார். ஸலாம் சொன்னார். ராத்தா அள்ளுஹாவைத் தொடங்கினார்.

நான் பெட்டரியின் அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக ஐஸ் மாதிரிக் கரைகிற சாமான் அன்று கஞ்சன் கைக் காசாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. எனக்கு நம்ப முடியவில்லை. விசிறி இல்லாத அறையில் வியர்வை வழிந்தது. தெருவில் மீன்காரரின் ஹோன் சத்தம் வந்து போனது. ராத்தாவின் குரல் மட்டும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சூராக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

வல்ஆதியாத்தி சூரா வந்தபோது உஸ்தாதாவின் விரல் எழுந்தது.

அதன் முதல் ஆயத்திலேயே, முதல் வசனத்திலேயே, ளாத் என்ற எழுத்து ஒன்று உண்டு. நாக்கின் பக்கம் கடைவாய்ப் பல்லோடு ஒட்டிப் பிறக்கவேண்டிய எழுத்து. எங்கள் தமிழ் நாக்குக்கு அது பிடிபடாது. ரமழான் என்று ழகரம் போட்டு எழுதி எழுதி, ஓதும்போதும் ழகரமாகவே வழுக்கிவிடும். ராத்தா மாதக்கணக்கில் அந்த ஓர் எழுத்தோடு மல்லுக்கட்டியவர். விரலைக் கண்டதும் நாக்கை இன்னும் அழுத்தி அந்த ஆயத்தைத் திரும்ப ஓதினார். விரல் இறங்கவில்லை. அழுத்தம் கூடிவிட்டதோ என்று மெதுவாக ஓதினார். விரல் இறங்கவில்லை. அதே ஆயத்தின் மற்ற எழுத்துகளான ஐனைச் சந்தேகித்தார், ஹாவைச் சந்தேகித்தார். மறுபடி ளாத்துக்கே வந்தார். அவருடைய மேலுதட்டில் வியர்வை பூத்தது. பெட்டரியின் அடையாளம் சிவப்பாகியிருந்தது. ஓர் எழுத்துக்காக எல்லாமே போகப் போகிறது என்று தோன்றியது. அழுகையும் வந்தது.

அப்போதுதான் உஸ்தாதாவுக்குப் பின்னால் இருந்த திரைச்சீலையைக் கண்டேன். வழக்கமாக அது காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். அன்று பாதி ஆட்டத்தில் அப்படியே நின்றது. உஸ்தாதா கண்ணையும் சிமிட்டவில்லை. கரண்ட் போனால் எங்கள் ஊரில் சிக்னலும் சோர்ந்துவிடும். பிரவுசரோ படத்தைச் சிக்கனமாக ஓட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து படம் உறைந்துவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கிய இடத்தில் உஸ்தாதா சிலையாகிவிட்டார். அது பிழைக்குத் தூக்கிய விரலே இல்லை.

குரல் வந்துகொண்டுதான் இருந்தது. "இஸ்தமிர்ரீ, இஸ்தமிர்ரீ" என்று உஸ்தாதா சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். தொடர்ந்து ஓது என்பதற்கு அறபில் அப்படி. ராத்தாவுக்கும் அது கேட்டிருக்கிறது. ஆனால் கண் முன்னால் விரல் நிற்கும்போது காதை எப்படி நம்புவது? நான் மேசையைத் தட்டினேன். படம் நின்றுபோனதைச் சைகையால் காட்டினேன். பிறகு இரண்டு பக்கத்துப் படத்தையும் நிறுத்தினேன். குரல் மட்டும் மிஞ்சியது. இனி என் வாயைப் பார்க்கமாட்டாரே என்று ராத்தா என்னிடம் முணுமுணுத்தார். அதைக் கேட்டுவிட்டாரோ என்னவோ, உஸ்தாதா அறபில் மெதுவாக ஏதோ சொன்னார். ராத்தாவின் முகம் தெளிந்தது. தன் உஸ்தாதாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது, தன்னையும் அவர் காதால்தான் கேட்டார் என்று சொன்னாராம். அதை ராத்தா பிறகுதான் எனக்குச் சொன்னார்.

ராத்தா கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். அல்காரிஆ போனது, அல்அஸ்ர் போனது, அல்பீல் போனது. கணினிக்குள் இப்போது படம் இல்லை, நிறம் இல்லை, வேறு பக்கம் இல்லை. ஒரு குரலைக் கொண்டுபோவதற்கு மட்டும் அது உயிரோடு இருந்தது. இத்தனை நூற்றாண்டாக இந்த வரிசையில் வந்தவர்களும் இதைத்தானே செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.  நான் அற்பமாக நினைத்த இரும்புச் சாமான் அது, கலியாண மாலைக்கு நிறம் பூசுகிற சாமான். அதற்கு மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்நாஸும் முடிந்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன். ஆனால் ராத்தா நிறுத்தவில்லை, திரும்ப முதல் சூராவான பாத்திஹாவைத் தொடங்கினார். குர்ஆனை முடிக்கிறவர் முடிவில் நிற்கக்கூடாது, உடனே தொடக்கத்துக்குத் திரும்பி, அடுத்த சூராவான அல்பகறாவில் சில ஆயத்தையும் ஓதியே முடிக்கவேண்டும் என்பது அவர்களுடைய முறை. எனக்கு அது மறந்தே போய்விட்டது. அதே நேரத்தில் திரை கறுத்தது.

பவர் விசையைப் பார்த்தேன், அங்கே விளக்குத் தெரியவில்லை. மேசையில் விழுந்த ஜன்னல் வெயிலில் எதுவும் புலப்படவுமில்லை. தட்டிப் பார்க்கப் பயம். போய்விட்டது என்றே நினைத்தேன். அடிமட்டத்தில் இருந்த வெளிச்சத்தைக் கணினி தானாகவே இன்னும் இறக்கியிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். ராத்தாவுக்கு எதுவும் தெரியாது. கண்ணை மூடியபடி, செத்த கணினிக்கு முன்னால், இஹ்தினஸ் ஸிறாத்தல் முஸ்தகீம் என்று ஓதிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசை அறுந்துவிட்டதை நான் எந்த வாயால் சொல்வது? வலழ் ழால்லீன் என்று, அந்த ளாத்தையும் இழுத்து, பாத்திஹாவை முடித்தார்.

கறுத்த கணினிக்குள்ளிருந்து உஸ்தாதாவின் குரல் வந்தது.

"ஆமீன்."

நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ராத்தா அல்பகறாவின் தொடக்கத்தை ஓதி, முஃப்லிஹூன் என்ற சொல்லில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் கறுத்த திரைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கிழவி கம்மிய குரலில் நீளமாக ஏதோ சொன்னார். நிறையப் பெயர்கள் வந்தன, ஒருவர் பின் ஒருவராக. எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான், ராத்தா பல தடவை சொல்லிக் காட்டியிருந்த சொல். அஜஸ்துகி. உனக்கு அனுமதி தந்தேன். அதற்குப் பிறகு ஒரு ஸலாம். அதற்குப் பிறகுதான் கணினிக்குள், அதுவரை என் காதில் விழாமல், இரைந்துகொண்டிருந்த சிறு காற்றாடி உண்மையாகவே நின்றது.

ராத்தா கண்ணைத் திறந்தார். கறுத்த திரையைப் பார்த்ததும் அவருடைய முகம் வெளுத்தது. ஸனது வந்ததா, தனக்குத்தான் அப்படிக் கேட்டதா என்ற பயம்.

"இது எப்ப நின்ட தம்பி?" என்றார்.

"எல்லாம் முடிஞ்ச பொறகுதான் ராத்தா" என்றேன்.