தையல்கார அக்காவாக இருந்த நாட்கள்

நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் அந்தக் கம்பெனி தொடங்கியபோது மூன்று நாற்காலிகளும் ஒரு ஏர்கூலரும்தான் இருந்தன. தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு செயலி. கரண்ட் கட், தக்காளி விலை, காணாமல் போன ஆடு, அவசரமாக ரத்தம் தேவை, எல்லாம் அதிலேயே என்றார் முதலாளி. முதலாளி என்றால் அவருக்குப் பிடிக்காது, பவுண்டர் என்று சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் அதுவரை கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் டைப் அடித்துக்கொண்டிருந்தவன். அந்த அச்சுக்கடை மூடிவிட்டதால், தமிழ் வேகமாக அடிப்பேன் என்ற ஒரே தகுதியோடு இங்கே வந்தேன். என்ன வேலை என்று கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"யாராச்சும் புதுசா வந்து ஒன்னு எழுதுனா, அஞ்சு நிமிசத்துல பதில் போயிடணுங்க. ஆளில்லாத கடையில எவன் வந்து நிப்பான்? அந்த ஆளுங்கதான் நீங்க."

ஒரு ஆள் இல்லை, ஆறு ஆள். காரிமங்கலத்தில் தக்காளி போடும் விவசாயி, ஓய்வுபெற்ற வாத்தியார், அதியமான்கோட்டையிலிருந்து தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர் என்று வரிசையாகக் கதை கட்டினேன். கடைசியாக டவுனில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு அக்கா. அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயதும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொடுத்தேன். படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ.

முதல் இரண்டு மாதம் நான் கட்டிய வாத்தியார் யாரோ ஒருவரோடு அரசியல் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார். ராத்திரி சாப்பாடு இறங்காத அளவுக்கு அந்த ஆள் மேல் எனக்குக் கோபம். அந்த ஆளும் என் பக்கத்து நாற்காலிக்காரர் கட்டிய ஆள்தான் என்று ஒரு நாள் தற்செயலாகத் தெரிந்தது. எட்டிப் பார்த்தால் அவர் திரையில் என் வாத்தியார் நிற்கிறார். இருவரும் டீ குடிக்கப் போனோம். அன்றிலிருந்து யார் எதை எழுதினாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வத்தல்மலையிலிருந்து ஒரு அம்மா தையல்கார அக்காவுக்குத் தனியாக எழுத வந்தார். தினமும் மதியம் இரண்டு மணிக்கு எழுதுவார், மூன்று மணிக்குக் காணாமல் போவார். பவுண்டர் சாப்பிடப் போகும் நேரமும் அதுதான். எனக்கு மூக்கில் வியர்த்தது. என்னைச் சோதிக்க அவரேதான் மலைக்கார அம்மாவாக எழுதுகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். நானும் சோதித்தேன். சாமை எப்போது அறுப்பீர்கள் என்று கேட்டால், இந்த வருசம் சாமை போடவில்லை, மிளகும் காப்பியும்தான் என்று பதில் வந்தது. ஏன் மதியம் மட்டும் வருகிறீர்கள் என்று கேட்டேன். ஆடு மேய்க்கப் போகும் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும் என்றார். எல்லாம் பொருந்தியது. அவ்வளவு பொருந்தியதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒரு நாள் அந்தம்மா தன் மகளைப் பற்றி எழுதினார். பிளஸ் டூ முடித்துவிட்டாள், டவுனில் காலேஜ் கிடைத்திருக்கிறது, ஆஸ்டலில் விட வேண்டும். வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். "நீங்க ரெண்டு பொண்ணு வெச்சிருக்கீங்க. நீங்க சொன்னா கேட்டுக்கறேன் அக்கா."

பவுண்டர்தான் எழுதுகிறார் என்று நம்பியதால் எனக்குக் கை கூசவில்லை. என் பெரியவளும் ஆஸ்டலில்தான் படித்தாள், முதல் மாதம் அழுதாள், இப்போது என்னையே அதட்டுகிறாள், தைரியமாக அனுப்புங்கள் என்று எழுதினேன். எனக்குப் பெண்ணே இல்லை.

அதற்குள் கம்பெனி வளர்ந்துவிட்டது. பெங்களூரிலிருந்து பணம் போட ஆட்கள் வந்தார்கள். மாடி முழுக்கக் கண்ணாடிக் கதவு, கழுத்தில் அடையாள அட்டை, டீக்கு மெஷின். ஆட்டைத் தேடுகிறவர்களும் ரத்தம் கேட்கிறவர்களும் இப்போது 'யூசர்'கள். வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, இதில் எத்தனை பேர் நிஜம் என்பது. பவுண்டர் அன்று சாயங்காலமே எங்களைக் கூப்பிட்டார்.

"சின்னதா இருந்தப்ப அது தேவைப்பட்டுச்சுங்க. இப்ப நாம பெரிய கம்பெனி. நம்ம ஆளுங்களையெல்லாம் தூக்கிடலாம்."

நான் கட்டிய ஆறு பேரும் ஒரே நிமிடத்தில் போனார்கள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. "தையல்கார அக்கா எங்க போனீங்க? பொண்ணு காலேஜ் சேந்துட்டா. உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன்." அப்போது பவுண்டர் என் கண்ணெதிரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கையில் போன் இல்லை. அப்படியானால் அந்தம்மா நிஜம்.

தினமும் அதே நேரத்துக்கு அதே கேள்வி வந்துகொண்டிருந்தது. நிஜமான ஒரு பெண்ணை, இல்லாத ஒரு அக்காவின் பேச்சைக் கேட்டு வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் பஸ் ஏறினேன்.

ஆஸ்டலில் பெண்ணைச் சேர்த்தவர்கள் என்று கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அந்தம்மா வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். செயலிக் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும், "உக்காருங்க சார்" என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். அதன்பிறகு, வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"அந்த அக்கா நாந்தாங்க. அப்படி ஒரு அக்காவே கெடையாது. நாந்தான் எழுதுனேன்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எம்பொண்ணுக்கு எதுக்குப் பயம்னு அக்காகிட்ட சொன்னேன்?"

"லைட்டு அணைச்சா தூக்கம் வராதுன்னு சொன்னீங்க."

"எங்க மாமியாவப் பத்தி?"

அதையும் சொன்னேன். அவர் யாரிடமும் சொல்லியிருக்கக்கூடாத விஷயம் அது. சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க. நீங்க அவங்க வூட்டுக்காரருதான?"

"இல்லீங்க, நான் வந்து..."

"பொம்பளைங்க பேசிக்கறத உக்காந்து படிச்சிருக்கீங்க. இப்ப அவங்கள எழுத வுடாம பண்ணிட்டு, அக்காவே இல்லன்னு எங்கிட்ட சொல்ல வந்துட்டீங்க. அவங்கள என்ன பண்ணுனீங்க?"

என்ன சொன்னாலும் அக்காவின் புருஷன்தான் பேசுகிறான் என்று ஆகிவிடும். வெட்கமாக இருந்தது. அதைவிட, என் அக்காவுக்காக ஒருத்தர் இப்படிச் சண்டை போடுகிறாரே என்றுதான் தோன்றியது.

அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் இனிமே எதும் எழுதலீங்க. வூட்டுல பிரச்சன வேணாம். அவங்க போனை அவங்ககிட்ட குடுத்துடுங்க. நல்லாருக்கேன்னு அவங்க கையால ஒரு வார்த்த எழுதுனா எனக்குப் போதும்."

"சரிங்க, குடுத்துடறேன்" என்றேன்.

கீழே போகும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் ஏறிப் போகும்வரை அவர் வாசலை விட்டு நகராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.