மூடியில் படிந்த மஞ்சள்

தருமபுரத்தில் அப்பா தனியாக இருக்கிறார். இன்வெர்ட்டர் வைக்க இடம் பார்க்கலாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லைப்புறச் சாமான் அறையைத் திறந்தேன். பழைய நாற்காலி, அம்மாவின் தையல் மிஷின், அதற்கு மேலே மர அலமாரி. அலமாரியில் ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில். அதன் மூடியைச் சுற்றி மஞ்சளாகப் படிகம் பூத்திருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வகக் கழிவுகளுக்குப் பொறுப்பாளர். புது மாணவர்களுக்குக் காட்டும் படங்களில் இதே மாதிரி ஒரு பாட்டில் உண்டு. பிக்ரிக் அமிலம். தண்ணீரில் நனைந்திருக்கும் வரை பயமில்லை. காய்ந்துவிட்டால் மூடியைத் திருகும் உரசலே போதும், வெடித்துவிடும். தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, வெளியே வந்துவிட வேண்டும்.

வெளியே வந்தேன். முற்றத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரும் வேதியியல் ஆசிரியர்தான், கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் முகத்தைப் பார்த்ததுமே பேப்பரை மடித்துவிட்டார். என்ன பார்த்தேன் என்று கேட்கவில்லை.

போலீசுக்குச் சொன்னேன். முதலில் தெருவைக் காலி செய்தார்கள். அடுப்பில் குழம்பை வைத்தவர்கள், பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியவர்கள், எல்லோரும் முனையிலிருந்த டீக்கடைக்குப் பக்கத்தில் கூடி நின்றார்கள். அவர்களுக்கு நடுவே பனியனும் கைலியுமாக அப்பா. சட்டை போட்டுக்கொள்ள யாரும் அவரை விடவில்லை. எதிர்வீட்டு அம்மா தன் துப்பட்டியை அவர் தோளில் போர்த்திவிட்டார்.

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். வெடிக்கிற சாமான் வீட்டுக்குள் எப்படி வந்தது, யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று கேட்டார். பிறகு நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்றார். கழிவுக்குப் பொறுப்பான ஒருத்தி வீட்டிலேயே இது இருந்தது என்று நாளைக்குப் பேப்பரில் வந்தால்?

"அப்பாவுக்கு ஞாபகம் சரியில்லைங்க சார்," என்றேன். "எத எங்க வைக்கிறோம்னு அவருக்குத் தெரியாது."

அப்பா எப்போது வந்தாரோ, எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார்: "பெரியவரே, அது என்ன பாட்டில்னு தெரியுதா?"

அப்பா என்னைப் பார்த்தார். "தெரியலீங்க," என்றார். "எனக்கு எதுவும் ஞாபகம் இருக்கிறதில்ல."

வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பாட்டிலை நனைத்து, மணல் நிரப்பிய பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். ஊருக்கு வெளியே பொட்டலில் பள்ளம் தோண்டி வெடிக்கவைத்தார்கள். டீக்கடை வரை சத்தம் கேட்டது. யாரோ கை தட்டினார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. வயசானவர், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர்.

வீட்டுக்குள் வந்த பிறகுதான் அப்பா பேசினார். கல்லூரி புதுக் கட்டிடத்துக்கு மாறியபோது ஆய்வகத்தின் பழைய ரசாயனங்களைப் பின்னால் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார்களாம். பக்கத்தில் குடிதண்ணீர்க் கிணறு இருந்ததால் இவர் கூடாது என்றிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. கையில் அகப்பட்ட ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, காயாமல் தண்ணீர் விட்டுக் காத்து வந்திருக்கிறார்.

"அம்மா படுக்கையில இருந்தப்ப விட்டுப்போச்சு. அப்புறம் பாத்தா மூடியில மஞ்சளா இருக்கு. திறக்கப் பயந்துட்டேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன்கிட்ட எப்புடிம்மா சொல்றது? நீ இதுக்குன்னே இருக்கிறவ. வெக்கமா இருந்துச்சு."

அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தோசைக்கு அரைக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நான் சொன்னது தெரு முழுக்கப் பரவிவிட்டது. அப்பாவிடம் வேதியியல் சந்தேகம் கேட்க வரும் இரண்டு பிளஸ் டூ பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா குழம்பு கொண்டுவரும்போதெல்லாம், "சார், நான் எதிர்வீடு, தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தை நீட்டுகிறார். அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்தவங்கள விட்டுக்கொடுக்க மனசு வராதுதாம்மா," என்றார்.

போன மாதம் பென்ஷன் விஷயமாக அப்பாவை வங்கிக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்தவர் எங்கள் தெருக்காரர். அப்பாவின் பிறந்த தேதியை என்னிடம் கேட்டார். அப்பாவுக்குப் பதில் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்காமல், நான் சொல்லட்டும் என்று என்னைப் பார்த்தபடி நின்றிருந்தார்.