ட்ரேயில் வைத்த சாமந்தி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் சிடி டிரைவைக் கெடுத்தது வைரஸ் இல்லை, என் அப்பா. ஆயுத பூஜையன்று மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், ஏதோ பட்டனில் கைபட்டு ட்ரே வெளியே வந்ததும் அதை மட்டும் விட மனசில்லாமல் சந்தனத்தை அப்பி, மேலே ஒரு சாமந்திப் பூவையும் வைத்து, பயபக்தியோடு உள்ளே தள்ளிவிட்டார். அன்றோடு அது எந்த சிடியையும் படிப்பதை நிறுத்திக்கொண்டது. பட்டு சொசைட்டி ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மனுஷர். தறிக்கும் தராசுக்கும் வைப்பதை இதற்கும் வைத்தார், அவரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? புது டிரைவ் வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்றே மாதங்கள் போய்விட்டன.

நான் சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டோடு இருந்து, ஏனாத்தூர் யுனிவர்சிட்டியில் படிப்பவர்களுக்கு ஆய்வேடு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பை ஒடிக்கிற வேலை. வைகாசியில் ஒரு நாள் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. உள்ளே செவிலிமேட்டு டீச்சர் ஒருத்தியின் எம்.ஃபில். ஆய்வேடு இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் போய், பிள்ளையையும் பார்த்துக்கொண்டு எழுதியது. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். திரும்ப அடிக்க ஒரு வாரமாவது ஆகும். மறுநாள் பெருமாள் கருட வாகனத்தில் ஊரைச் சுற்றி வரும் கருட சேவை வேறு. ஊருக்கே லீவு, ஆய்வேட்டை வாங்கும் யுனிவர்சிட்டி ஆபீசுக்கு மட்டும் கிடையாது.

"இந்த வாட்டி வுட்டா எங்க வூட்ல அப்புறம் படிக்க வுட மாட்டாங்கக்கா," என்றாள் டீச்சர். அழக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆய்வேடு டி டிரைவில் பத்திரமாக இருந்தது. படுத்துவிட்டது சி டிரைவில் இருந்த விண்டோஸ். என் பழைய மெஷினுக்கு விண்டோஸ் 98 தான் ஒத்துவரும். அது இருப்பதோ சிடியில், சிடியைப் படிக்க வேண்டியது சந்தனம் பூசிய டிரைவ். வேறு வழி தெரியாமல் ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, சிடிப் பையையும் எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவரிடம் போனேன். அவரிடம் பிரின்டர் கிடையாது. அவர் தன் கம்ப்யூட்டரில் அதை மாட்டி, சிடியில் இருந்த விண்டோஸ் ஃபைல்களையெல்லாம் டி டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். மெஷினைக் கிளப்ப ஒரு ஃப்ளாப்பியும் தந்தார். கிளம்பிய அவசரத்தில் சிடிப் பையை அங்கேயே விட்டுவிட்டேன். இங்கே இருந்து என்ன கிழிக்கப்போகிறது என்று அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வேலையை ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் கோபுர வாசலில் நிற்காத கருட சேவை அப்பாவின் ஆயுசில் கிடையாது. அன்று மட்டும் போகாமல் என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். டீச்சரும் வந்துவிட்டாள். சி டிரைவைத் துடைத்துவிட்டு 98-ஐப் போட்டேன். இன்னும் அரை மணி நேரம் என்ற திரை, ஒரு மணி நேரம் கழித்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக முடிந்து ஆய்வேட்டைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்து இல்லை. கொம்பும் புள்ளியும் முளைத்த இங்கிலீஷ் எழுத்துகள் பக்கம் பக்கமாக நின்றன. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். ஆய்வேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, சி டிரைவைத் துடைத்தபோது தமிழ் ஃபான்ட்டும் சேர்ந்து போய்விட்டது என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! அந்த ஃபான்ட்டும் சிடியில்தான் இருந்தது. சென்டர்காரருக்கு போன் செய்து, பையில் தேடி ஒரு ஃப்ளாப்பியில் போட்டு வைக்கச் சொன்னேன்.

நான் போய் வாங்கி வருகிறேன் என்று அப்பா எழுந்தார். கூட்டத்தில் பஸ் ஓடாது, போக வர நடைதான். எனக்கோ பிரின்டரைத் திரும்பப் பொருத்துகிற வேலை பாக்கி. தூக்கமில்லை, எல்லார் மேலும் எரிச்சல்.

"அதுக்கும் பொட்டு வெச்சிடாதப்பா," என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

உச்சி வெயிலில் சட்டை தொப்பலாக நனைந்து வந்தார். ஃப்ளாப்பி பாலிதீன் கவருக்குள் ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தது. ஃபான்ட்டை ஏற்றியதும் எழுத்துகள் தமிழாகிவிட்டன. டீச்சர் முதல் வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். பிரின்டர் முக்கி முனகிக் கடைசிப் பக்கத்தைத் துப்பியதும் காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள். சாயங்காலம் எஸ்டிடி பூத்திலிருந்து போன் வந்தது. "வாங்கிக்கினாங்கக்கா," என்றாள்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. பெருமாளைப் பார்க்கவாவது முடிந்ததா என்று அப்பாவைக் கேட்டேன்.

"திரும்பி வரசொல்ல எதிர்லயே வந்தாரும்மா. கும்பிடல. ரெண்டு கையாலயும் அந்த ஃப்ளாப்பிய புடிச்சிக்கினு நின்னேன்." சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "பொட்டும் வெக்கல."

மோர் ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினார்.