வெர்னா குழாயைத் தொடாத காலை

வடக்கு டெக்சாஸில் எங்கள் பட்டியில் நாற்பதாயிரம் மாடுகள். அத்தனைக்கும் தீவனம் தயாரித்தவள் வெர்னா ஸ்டோவல். பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே வழக்கம். முதல் தீவன வண்டி கிளம்புமுன் கையுறையைக் கழற்றி, தீவனத்தில் கலக்க உருக்கிய மாட்டுக்கொழுப்பு வரும் குழாயை வெறுங்கையால் பிடித்துப் பார்ப்பாள். சுட்டால் கொழுப்பு ஓடுகிறது என்று அர்த்தம், அப்போதுதான் வண்டி நகரும்.

புது மேலாளர் கிர்பிக்கு இது சிரிப்பாக இருந்தது. அளவைத்தான் கணினி காட்டுகிறதே என்பார். அவர் சொல்லித்தான் அந்த வாரம் வேகவைத்த சோளத்தை இன்னும் மெலிசான அவலாக நசுக்கினாள். மெல்லிய அவல் சீக்கிரம் செரிக்கும், மாடும் சீக்கிரம் எடை போடும். அளவு மீறினால் வயிற்றில் அமிலம் பொங்கி மாடு சாய்ந்துவிடும்.

ஜனவரிக் குளிரில் அன்று என் மூச்சே மீசையில் உறைந்தது. குதிரையில் நாற்பத்தொன்றாம் அடைப்பைச் சுற்றி வந்தேன். இன்னும் பத்து நாளில் வெட்டுக்குப் போகவேண்டிய நூற்றுத் தொண்ணூறு காளைகள் அதில். எல்லா மூக்கிலும் மாவு. கொழுப்பு சேர்ந்த தீவனம் அப்படிப் பறக்காது. ரேடியோவை எடுத்தேன்.

"வெர்னா, தீவனத்துல பசையே இல்ல. புழுதியா பறக்குது."

"கொழுப்பு நாலு சதவீதம்னு கம்ப்யூட்டர் காட்டுதே, ஓரன்."

"கம்ப்யூட்டர் வந்து தின்னு பாக்குமா? குழாயத் தொட்டியா?"



"கையுறையக் கழட்டல" என்றாள்.

கொழுப்பு குழாயிலேயே உறைந்துவிட்டது. பம்பு மட்டும் வெறுமனே சுற்றியது, கணினி அந்தச் சுற்றைத்தான் கொழுப்பாக எண்ணியது. குறைந்த எடைக்கு ஈடாக இயந்திரம் அவலையே கூட்டிப் போட்டிருந்தது. அதற்குள் பதினோரு அடைப்புகளில் கொட்டியாகிவிட்டது.

வெர்னா ஆலையை நிறுத்தினாள். கிர்பி ஓடிவந்தார்.

"ஏம்மா, தொட்டி காலியானா மாடு அப்புறம் வெறி புடிச்சுத் திங்குமே!"

அதிலும் பாதி உண்மை இருந்ததுதான் எரிச்சல்.

"காலியா விட மாட்டேன். அவல வாரிட்டு உலர்ந்த புல்லப் போடப் போறேன்."

"இது யாரு தப்புன்னு தெரியுமா?"

"என் தப்பு. எழுதிக்கங்க. புல்லு வண்டிய விடுங்க முதல்ல!"

அவளே மண்வெட்டியோடு தொட்டி தொட்டியாக வாரினாள். நாற்பத்தொன்றில் மட்டும் நேரம் கடந்திருந்தது. மதியத்துக்குள் ஆறு காளைகள் பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டன. விலாப்பக்கங்கள் ஊதின. ஒவ்வொன்றாகத் தொண்டைக்குள் குழாய் விட்டுக் காற்றை இறக்கினோம். இரண்டு செத்தன. மற்றவை சாயங்காலம் அசை போட ஆரம்பித்தபோதுதான் அவள் சேற்றில் உட்கார்ந்தாள்.

அறிக்கையில் ஒரே வரி எழுதினாள்: கையுறையைக் கழற்றவில்லை.

"மெலிசு அவலப் பத்தி ஏன் எழுதல? அந்தாளு சொன்னதுதானே?" என்று கத்தினேன்.

"குழாய்ல கொழுப்பு ஓடியிருந்தா அந்த அவல மாடு தாங்கியிருக்கும், ஓரன்."

கிர்பி அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பினார். கல்நெஞ்சக்காரன் என்று அவர் காதுபடவே சொன்னேன்.

மறுநாள் விடியலில் மூன்று வண்டிகளும் கிளம்பவில்லை. "குழாய யாரு தொட்டது?" என்று ஓட்டுநர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கிர்பி எங்களை முறைத்தார். பிறகு கொழுப்புக் குழாய்க்குப் போகும் ஏணியில் ஏறினார், கையுறையைக் கழற்றினார்.

வெர்னாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"சுட்டுச்சாமா?" என்றுதான் கேட்டாள்.