அரிப்பு ஆராய்ச்சியும் ஆயுத பூஜையும்

மின்சாரம் தயாரிக்கும் எரிபொருள் கலத்துக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் எண்ணூறு டிகிரிச் சூட்டில் எப்படிக் கெடுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. நல்ல தமிழில் அதற்கு அரிப்பு என்று பெயர். மயிலாப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இதைச் சொல்லித் தொலைத்தேன். பக்கத்து இலை மாமி குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா இருக்கு? வேப்பிலை அரைச்சுப் போட்டுண்டு பாரேன்" என்றாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் துரு என்றே சொல்லி வந்தேன். படித்தவள் செய்த புத்திசாலித்தனம்.

உண்மையில் அது துருவே அல்ல. சூட்டில் தகடு தானே போர்த்திக்கொள்ளும் மெல்லிய தோல். அதுதான் தகட்டைக் காக்கும். தடித்துப்போனால் மின்சாரத்தை மறிக்கும். அடையாறு ஆய்வகத்து உலையில் மாதக்கணக்கில் தகடுகளை வேகவைத்தேன். அந்தத் தோலின் தடிமனை அளந்து எழுதினால்தான் எனக்கு டாக்டர் பட்டம். அளக்க வேண்டிய வாரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது.

காலையில் உள்ளே நுழைந்தால், தகடுகள் சந்தனம் குங்குமத்தோடு பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில், ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் பட்டினப்பாக்கத்து அக்கா.

"இன்னாம்மா, எவ்ளோ நாளா துருப் புடிச்சிக் கீது, ஒருத்தரும் கண்டுக்கல. புளிக்கு மசியல. உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டேன்."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "தோசைக்கல்லை இப்படித் தேய்ப்பீங்களா அக்கா?"

"தோசைக்கல்லுன்னு நீ எங்க சொன்ன? துரு துருன்னுதானே சொல்லிக்கினு இருந்த."

அதற்குள் என் நெறியாளர், ஆராய்ச்சிக்குப் பணம் தரும் கம்பெனிக்காரர்களோடு பூஜைக்கு வந்துவிட்டார். உலைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாத மனிதர். ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"பாருங்க சார், மாசக்கணக்கா உலைக்குள்ள கிடந்தது. ஒரு பொட்டுத் துரு இருக்கா?"

குங்குமப் பொட்டுதான் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். நான் வாய் நிறையப் பொரியை அடைத்துக்கொண்டேன். அக்காவோ அந்தக் கைதட்டல் தன் வேலைக்குத்தான் என்று நினைத்து, வெட்கச் சிரிப்போடு முன்னால் வந்தார்.

"அய்ய, நான்தான் சார் அத..." என்று ஆரம்பித்தார்.

அவர் கையை இறுக்கிப் பிடித்துப் பின்னால் இழுத்தது நான்தான்.